மாரடைப்பில் இறந்தவரின் பிள்ளைகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாற்பது வயதைத் தாண்டியும் தாண்டாமலும் மாரடைப்பால் இறந்துபோகிறவர்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. கடலுக்குப் போன இடத்தில் ஒருவர், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர், திருமண வீட்டுப் பந்தலில் ஒருவர் என்று இடமும் தொழிலும் மாறினாலும், "இறந்தவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளனர்" என்ற வரியோடுதான் பெரும்பாலும் அச்செய்திகள் முடிகின்றன. இந்தக் கடிதம் அந்தக் கடைசி வரியில் வரும் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களில் சிலருடைய உடலில், தகப்பனின் உயிரைப் பறித்த அதே காரணம் பிறந்த நாள் முதல் இருந்துகொண்டிருக்கிறது என்பதையும், ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும் என்பதையும் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் இதைப் பாடப்புத்தகத்திலிருந்து கற்கவில்லை. என் தந்தை 1983ஆம் ஆண்டு, தம் நாற்பத்தாறாவது வயதில், வாழைக்குலைகளை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவேயில்லை. வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். என் தம்பிக்குப் பதினொரு வயது. அந்தத் தம்பி வளர்ந்து, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளியாகி, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து, 2014ஆம் ஆண்டு நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு மரத்தடியில் சரிந்து விழுந்தான். அவனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, மெலிந்த உடல்வாகு. நாள்தோறும் பல மணி நேரம் மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவன். அப்பாவுக்கு விதித்ததே இவனுக்கும் என்று ஊர் சொல்லிற்று. நானும் அப்படித்தான் அழுதேன்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவனுடைய காகிதங்களை ஒதுக்கும்போது, முந்தைய ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்த பரிசோதனைச் சீட்டு கிடைத்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 352 மில்லிகிராம், அதில் கெட்ட கொழுப்பு என்று மக்கள் சொல்லும் எல்.டி.எல். மட்டும் 271 என்று அதில் அச்சாகியிருந்தது. தேங்காயையும் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரை தீர்ந்தது, மறுபடி யாரும் அவனை அழைக்கவில்லை, அவனும் போகவில்லை. தகப்பனார் எந்த வயதில், எப்படி இறந்தார் என்ற ஒரு கேள்வியை அங்கே எவரும் கேட்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் அவன் இன்று உயிரோடிருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவன் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் இரண்டு காலிலும் விரல் பருமனுக்குத் தடித்திருந்ததும், கருவிழியைச் சுற்றி வெண்மையான வளையம் ஒன்று விழுந்திருந்ததும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். கால் தடிப்பை நடந்து நடந்து விழுந்த காய்ப்பு என்று நினைத்திருந்தோம். அது காய்ப்பு அன்று, தசைநாணில் படிந்த கொலஸ்ட்ரால் என்பதைப் பின்னர் நாகர்கோவிலில் ஒரு மருத்துவர், அவனுடைய புகைப்படத்தையும் பரிசோதனைச் சீட்டையும் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். குடும்ப வழிக் கொலஸ்ட்ரால் மிகை நோய் என்று அவர் அதற்குப் பெயர் சொன்னார்.

அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது ஒரே ஒரு மரபணு. எல்.டி.எல்.ஆர். என்பது அதன் பெயர். மனிதனின் 19ஆம் குரோமோசோமின் குறுங்கையில் அது இருக்கிறது. அந்த மரபணுவில் எழுதியிருப்பது ஒரு புரதத்தின் செய்முறை. 860 அமினோ அமிலங்களால் (புரதத்தைக் கட்டும் சிறு அலகுகள்) கோக்கப்படும் அப்புரதத்தின் முதல் 21 அமிலங்கள் முகவரிச் சீட்டைப்போல வழிகாட்டிவிட்டு வெட்டுண்டு போக, எஞ்சிய 839 அமிலங்களும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, பெரும்பகுதி வெளியேயும் ஐம்பது அமிலங்கள் கொண்ட வால் உள்ளேயுமாகச் செல்சவ்வில் ஊன்றி நிற்கின்றன. இதைத்தான் எல்.டி.எல். ஏற்பி என்கிறோம். உடலின் பலவகைச் செல்களிலும் இது இருந்தாலும், இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை நீக்கும் வேலையில் பெரும்பங்கு கல்லீரல் செல்களில் இருக்கும் ஏற்பிகளுடையதே.

வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கியதுபோல இங்கும் விளக்க அனுமதி வேண்டுகிறேன். கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. ஆகவே அது இரத்தத்தில் தனியே போக முடியாமல், எல்.டி.எல். என்னும் நுண்ணிய உருண்டைகளில் ஏற்றப்பட்டுப் போகிறது. ஒவ்வோர் உருண்டையிலும் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் (கொழுப்பமிலத்தோடு இணைந்த கொலஸ்ட்ரால்) மூலக்கூறுகள் உண்டு. அதைச் சுற்றி அப்போ பி-100 என்ற ஒரு பெரிய புரதம் கட்டுக் கயிறுபோலச் சுற்றியிருக்கும். இவற்றைச் சந்தைக்கு வரும் சரக்கு லாரிகள் என்று கொண்டால், கல்லீரல் செல்லின் வாசலில் நிற்கும் ஏற்பிகள் சுமட்டுத் தொழிலாளிகள். லாரி வந்ததும் ஏற்பி அந்த அப்போ பி-100 புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இடத்தில் செல்சவ்வு குழிந்து, கிளாத்ரின் என்ற புரதம் பின்னிய கூடைக்குள் இரண்டும் சேர்ந்து செல்லினுள் போகின்றன. உள்ளே அமிலத்தன்மை கூடியதும் ஏற்பி பிடியை விடுகிறது. சரக்கு செரிப்பதற்குப் போக, ஏற்பி மட்டும் மறுபடி வாசலுக்குத் திரும்புகிறது. ஒருமுறை போய்வரச் சுமார் பத்து நிமிடம். தான் சிதையும் வரையிலான ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் நூறு தடவைக்கும் மேல் இப்படி ஓடி ஓடிச் சரக்கு இறக்கும் அந்த உழைப்பை நான் எத்தனையோ முறை வகுப்பில் வியந்து சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தத் தொழிலாளிகளில் பாதிப் பேர் வேலைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சரக்கு இறக்க ஆளில்லாமல் லாரிகள் தெருவில் தேங்கும். அதேபோல எல்.டி.எல். உருண்டைகள் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றிக்கொண்டேயிருந்து, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் சுவரில் நுழைந்து படிகின்றன. மற்றவர்களுக்கு அறுபது, எழுபது ஆண்டுகளில் சேரும் படிவு, இவர்களுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்குள்ளும், பெண்களில் பத்தில் மூவருக்கு அறுபது வயதுக்குள்ளும் இதயத் தமனி நோய் வெளிப்பட்டுவிடுகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தகப்பன் நாற்பத்தாறில், மகன் நாற்பத்திரண்டில் என்று எங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கணக்கில் அடங்கிய ஒன்றுதான்.

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள். கொலஸ்ட்ரால் மிகையும் இளவயது மாரடைப்பும் தசைநாண் தடிப்பும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை நார்வே நாட்டின் கார்ல் முல்லர் 1930களின் இறுதியிலேயே எழுதியிருந்தார். ஆனால் காரணம் புலப்படாமலிருந்தது. பிரவுனும் கோல்டுஸ்டீனும் கடுமையான நோயுள்ள பிள்ளைகளின் தோலிலிருந்து சிறிது எடுத்து, அந்தச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். மற்றவர்களின் தோல் செல்கள் எல்.டி.எல்.லைப் பற்றிக்கொண்டன, இப்பிள்ளைகளின் செல்கள் பற்றவில்லை. செல்லின் மேற்பரப்பில் பற்றுகிற ஏற்பி ஒன்று உண்டு, இவர்களிடம் அதுதான் இல்லை என்று 1974இல் தெளிவாகியது. 1985ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது. ஒரு நோயாளியின் செல்களில் மட்டும் விந்தையான ஒன்று தென்பட்டது, எல்.டி.எல். ஏற்பியில் நன்றாகப் பற்றியது, ஆனால் உள்ளே போகவில்லை. ஏற்பியின் உள்வாலில், 807ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்டீன் என்ற வேறோர் அமினோ அமிலம் இருந்ததே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. இப்படி இம்மரபணுவில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. சிலவற்றில் ஏற்பி உருவாவதேயில்லை, சிலவற்றில் உருவாகியும் வாசலுக்கு வந்து சேர்வதில்லை, சிலவற்றில் வந்து நின்றும் பற்றுவதில்லை. இரத்தத்தில் எல்.டி.எல். ஏறுவது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

ஒவ்வொருவருக்கும் இம்மரபணுவில் தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக இரண்டு படிகள், அதாவது நகல்கள், உண்டு. அவற்றில் ஒன்று பழுதானாலே நோய் வரும். அதனால் நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஒரு தலைமுறை தப்பி அடுத்த தலைமுறைக்குப் போகும் நோயும் அன்று இது. ஒருவருக்கு அந்தப் படி வரவில்லையென்றால் அவர் வழிப் பிள்ளைகளுக்கு அவர் மூலமாக அது வர வழியில்லை. உலக அளவில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 18,70,374 பேர். அதே விகிதம் இங்கும் இருக்குமானால், ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை ஆறாயிரம் பேருக்கு மேல் இந்தப் பழுதான படியைச் சுமந்துகொண்டு, அதை அறியாமலேயே நடமாடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெற்றோர் இருவருக்கும் ஒவ்வொரு பழுதான படி இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கொடியது. நான்கில் ஒரு பிள்ளைக்கு இரண்டு படிகளும் பழுதாகவே கிடைக்கும். அப்பிள்ளைகளின் எல்.டி.எல். 400, 500 என்று தொடங்கி அதற்கும் மேலே போகும். முழங்கையிலும் முழங்காலிலும் விரலிடுக்கிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். பத்து, இருபது வயதிலேயே மாரடைப்பு வரலாம். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு இத்தகைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றிப் பொருத்தினார்கள். புதிய கல்லீரலில் நல்ல ஏற்பிகள் இருந்ததால் அவளுடைய கொலஸ்ட்ரால் வெகுவாக இறங்கியது. முறைப்பெண், முறைப்பையன் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இரு பக்கமும் ஒரே பழுதான படி இருப்பதற்கு வாய்ப்பு கூடுதல் என்பதால், அக்குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் தோலில் மஞ்சள் கட்டி கண்டால் தோலுக்குப் பூசும் மருந்தோடு நிறுத்திவிடாமல் கொழுப்புப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இனி என் வீட்டுக்குத் திரும்புகிறேன். அந்த நாகர்கோவில் மருத்துவர் சொன்னபடி நாங்கள் ஆறு பேர் இரத்தம் கொடுத்தோம். எனக்கும் என் அக்காவின் மகளுக்கும் தம்பியின் மகனுக்கும் அளவு சரியாக இருந்தது. அக்காவுக்கு எல்.டி.எல். 244, அவருடைய மகனுக்கு 208, பதின்மூன்று வயதேயான என் தம்பி மகளுக்கு 231. ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த, ஒரு நாளும் நெஞ்சு வலி என்று சொல்லாத குழந்தை. எனக்கு வராததால் என் பிள்ளைகளுக்குப் பரிசோதனையே தேவைப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தேடலின் வழி எது, முடிவு எது என்பதை இந்நோய் அவ்வளவு தெளிவாகக் காட்டிவிடுகிறது. தைராய்டுச் சுரப்புக் குறைவாலோ சிறுநீரக நோயாலோ கொழுப்பு ஏறவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு, மருத்துவர் மூவருக்கும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையைத் தொடங்கினார். குழந்தைக்குமா என்று தம்பி மனைவி கலங்கினாள். "மைனி, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்க மருந்தா?" என்று அவள் என்னிடம் கேட்டதற்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கான பதிலை நெதர்லாந்து மருத்துவர்கள் 2019ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இந்நோயுள்ள 214 பேருக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கி, இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர்களையும் அதே நோயுள்ள அவர்களுடைய பெற்றோரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தொன்பது வயதுக்குள் மாரடைப்பு போன்ற பாதிப்பு பெற்றோரில் நூற்றுக்கு 26 பேருக்கு வந்திருந்தது. பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் வந்தது. அதே மரபணு, அதே பழுது. மாத்திரையும் அது தொடங்கிய வயதும்தான் வேறு. பொதுவாக எட்டு முதல் பத்து வயதிலிருந்தே இம்மருந்தைத் தொடங்கலாம் என்பது இன்றைய மருத்துவ வழக்கம்.

ஸ்டாட்டின் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால் அச்சம் பாதி நீங்கும். ஜப்பானிய அறிவியலாளர் அக்கிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987இல் இவ்வகையின் முதல் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. கல்லீரல் செல் தானே கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வழியை இது அடைக்கிறது. உள்ளே இருப்புக் குறைந்ததும், வெளியிலிருந்து சரக்கை இறக்கிக்கொள்வதற்காகச் செல் கூடுதலான ஏற்பிகளை உண்டாக்கி வாசலில் நிறுத்துகிறது. பழுதான படியால் பயனில்லாவிட்டாலும் நல்ல படி இரட்டிப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. நல்ல அளவில் கொடுத்தால் எல்.டி.எல். பாதியளவு குறையும், போதாவிட்டால் குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் மாத்திரையைச் சேர்க்கிறார்கள். ஏற்பிகளைச் சிதைவுக்கு அனுப்பும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் 2015 முதல் வந்துவிட்டன, விலை அதிகம். தசைவலி போன்ற தொல்லை சிலருக்கு வரலாம், கல்லீரல் பரிசோதனையும் இடையிடையே வேண்டும், கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை நிறுத்துவது குறித்து முடிவு செய்ய வேண்டும். இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் எதுவும் நாற்பத்திரண்டு வயதில் ஒரு வீட்டின் தூண் சாய்வதற்கு ஈடாகாது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் அரைக்காத மீன்குழம்பும், தேங்காய் சேராத மரச்சீனிக் கிழங்கும் நம் மாவட்டத்தில் இல்லை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதும், அத்தகைய கொழுப்பு எல்.டி.எல்.லை ஓரளவு உயர்த்தும் என்பதும் மெய்தான். குறைத்துக்கொள்வது யாவருக்கும் நல்லது. ஆனால் ஏற்பிகள் போதாத இடத்தில் உணவுக் கட்டுப்பாடு மட்டும் 271ஐ 100க்குக் கொண்டுவராது. என் தம்பி கடைசி ஆண்டில் தேங்காயை அறவே விட்டுவிட்டான். எண்ணெயை விட்டதே சிகிச்சை என்று அவன் நம்பியதுதான் எனக்கு இன்றும் ஆறாத துயரம். ஒல்லியாக இருப்பவருக்குக் கொழுப்பு இருக்காது, உழைப்பவருக்கு மாரடைப்பு வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. மரபணுச் சோதனைகூட முதலில் தேவையில்லை. சாதாரண ஆய்வகங்கள் செய்யும் கொழுப்புப் பரிசோதனையே போதும். பெரியவர்களுக்கு எல்.டி.எல். 190க்கு மேலும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ள பிள்ளைகளுக்கு 160க்கு மேலும் இருந்தால் மருத்துவர் இந்நோயை மனத்தில் கொண்டு ஆராய வேண்டும். ஆகவே, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வட்டார அரசு மருத்துவமனைகளிலும், 55 வயதுக்கு உட்பட்ட ஆணோ 60 வயதுக்கு உட்பட்ட பெண்ணோ மாரடைப்போடு வந்தால், அவர் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற சீட்டு ஒன்றை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்தனுப்ப மாவட்ட நலவாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சகோதரிகள், "இந்த வீட்டில் யாருக்காவது ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பு வந்ததுண்டா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால், வேறெந்தக் கருவியும் இல்லாமலேயே பல குடும்பங்கள் தெரியவரும். மாத்திரைக்கும் பஞ்சமில்லை. நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மருந்து கொடுக்கும் இதயம் காப்போம் திட்டத்தில் தரப்படும் மூன்று மருந்துகளில் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டர்வாஸ்டாட்டினும் ஒன்று. மாரடைப்பு வந்த பிறகு கொடுக்கும் அதே மாத்திரையை, வருவதற்கு இருபது ஆண்டு முன்பே உரியவருக்குக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஸ்லோவேனியா என்ற சிறு நாடு 1995 முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கே கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்து வருகிறது. நாம் நோயுள்ள குடும்பத்திலிருந்தாவது தொடங்கலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். இளவயது மாரடைப்பு மரணச் செய்திகளின் கீழே, இறந்தவரின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று ஒரு வரியைச் சேர்த்து வெளியிடுங்கள். தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்ணைத் தவறாமல் அச்சிடும் நல்ல வழக்கம் இருக்கிறது. அதைப்போல இதுவும் ஆகட்டும். துக்க வீட்டில் இதைப் பேச உறவினர்கள் தயங்குவார்கள். அச்சில் வந்தால் எவரும் எவரையும் குற்றம் சொன்னதாக ஆகாது.

தயக்கம் என்று சொன்னேன். மெய்யாகவே நம் குடும்பங்களில் இதைத் தடுப்பது செலவு அன்று, பிள்ளைகளுக்கு வரன் அமையாதே என்ற பயம். என் அக்கா தம் மகனுக்கு மாத்திரை வாங்கிய சீட்டைக்கூட நெடுநாள் மறைத்தே வைத்திருந்தார். என் தம்பி மகள் இப்போது செவிலியர் படிப்பை முடித்து வேலையில் இருக்கிறாள். கடைசியாகப் பார்த்தபோது அவளுடைய எல்.டி.எல். 94. அவளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெண் பார்க்க வரும் வீட்டாரிடம் அவளே தன் வாயால் இதைச் சொல்லிவிடுவதாக முடிவு செய்திருக்கிறாள். அவள் சொல்வதற்கு முன்னால் செய்தித்தாளைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ள நேரக்கூடாது என்பதால், என் பெயரையும் முகவரியையும் வெளியிடாதிருக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.